தீர்வைச் சலுகையும் தோற்றச் சான்றிதழும்
ஒட்டாவா முதல் ஆசியான் வரை: ஒரு வரலாற்று நோக்கு

இரு நாடுகள் வாணிக உடன்பாடு செய்துகொள்ளும்போது அச்செய்தி நாளேடுகளில் முதற்பக்கத்தில் வெளிவருகிறது. அமைச்சர்கள் கையொப்பமிடும் படமும், இத்தனை ஆயிரம் சரக்குகளுக்குத் தீர்வை நீங்கிற்று என்னும் கணக்கும் உடன் வருகின்றன. படிப்போர் உள்ளத்தில், நாளை முதல் நம் நாட்டுச் சரக்குகள் யாவும் தீர்வையின்றி அயல்நாட்டுத் துறைமுகத்தில் இறங்கும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயின், ஐந்தாண்டு கழித்து, அச்சலுகையை எத்தனை ஏற்றுமதியாளர் கேட்டுப் பெற்றனர் என்று எவரேனும் வினவினால், அதற்குரிய விடை முதற்பக்கத்தில் வருவதில்லை. பல வேளைகளில் விடையே கிடைப்பதில்லை.

கொடுக்கப்பட்ட சலுகை வேறு. கொள்ளப்பட்ட சலுகை வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு புதிதாகத் தோன்றியதன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு. அவ்வரலாற்றில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சிறப்பான இடம் உண்டு. அதனைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சலுகை என்பது யாது?

ஒரு நாடு தன் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கிற்கு விதிக்கும் வரியே தீர்வை. எல்லா நாட்டுச் சரக்கிற்கும் ஒரே அளவில் விதிக்கப்படுவதைப் பொதுத் தீர்வை என்று கொள்வோம். குறிப்பிட்ட சில நாடுகளின் சரக்கிற்கு மட்டும் அதனைக் குறைத்தோ நீக்கியோ கொடுப்பது சலுகைத் தீர்வை. பொதுத் தீர்வைக்கும் சலுகைத் தீர்வைக்கும் உள்ள வேறுபாட்டைச் சலுகையளவு எனலாம். பொதுத் தீர்வை நூற்றுக்கு இருபது, சலுகைத் தீர்வை நூற்றுக்கு ஐந்து என்றால், சலுகையளவு பதினைந்து.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. சலுகை ஒரு நாட்டின் சரக்கிற்கு உரியது. அச்சரக்கு உண்மையில் அந்நாட்டிற் பிறந்ததுதானா என்பதை எவ்வாறு அறிவது? வேறொரு நாட்டில் செய்த பொருளை இறக்கி, மேலே புதிய தாளை ஒட்டி, மறு கப்பலில் ஏற்றினால் சுங்கச் சாவடியில் இருப்பவர் எங்ஙனம் கண்டுகொள்வார்? ஆகவே சலுகை தோன்றிய நாளிலேயே, சரக்கின் பிறப்பிடத்தை வரையறுக்கும் விதிகளும், அதனை மெய்ப்பிக்கும் சான்றிதழும் உடன் தோன்றின. இவற்றைத் தோற்ற விதிகள் என்றும் தோற்றச் சான்றிதழ் என்றும் வழங்குகிறோம். மனிதருக்குப் பிறப்புச் சான்றிதழ் எப்படியோ, சரக்கிற்கு இது அப்படி. சலுகை பயன்படுவதும் பயன்படாமற் போவதும் பெரும்பாலும் இத்தாளைப் பொறுத்தே அமைகின்றன.

பேரரசுச் சலுகை

பிரிட்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தடையற்ற வாணிகக் கொள்கையைக் கைக்கொண்டிருந்தது. எனவே குடியேற்ற நாடுகளுக்குச் சலுகை கொடுக்க அதனிடம் குறைப்பதற்குரிய தீர்வைகள் மிகுதியாக இல்லை. முதலில் சலுகை கொடுத்தது பிரிட்டன் அன்று, கனடாவே. 1897இல் அந்நாடு இதற்கு வழி கோலியது. 1898இல் பிரிட்டிஷ் சரக்குகளுக்குத் தீர்வையில் நாலில் ஒரு பங்கையும், 1900இல் மூன்றில் ஒரு பங்கையும் குறைத்தது.

முதல் உலகப் போருக்குப் பின், 1919இல், பிரிட்டன் தானும் சலுகை கொடுக்க முன்வந்தது. தேயிலை முதலிய பண்டங்களுக்கு ஏற்கெனவே இருந்த தீர்வையில் ஆறில் ஒரு பங்கும், 1915இல் மோட்டார் வண்டி, கடிகாரம், இசைக்கருவி ஆகியவற்றிற்கு விதிக்கப்பட்ட தீர்வையில் மூன்றில் ஒரு பங்கும் பேரரசுச் சரக்குகளுக்குக் குறைக்கப்பட்டன. செய்பொருளாயின் அதன் மதிப்பில் குறைந்தது நூற்றுக்கு இருபத்தைந்து பேரரசுக்குள் ஆன உழைப்பாலும் பொருளாலும் வந்திருத்தல் வேண்டும் என்ற விதியும் வந்தது. இன்றைய உடன்பாடுகளில் நாம் காணும் உள்மதிப்பு விழுக்காட்டின் முன்னோடி இதுவே.

1929இல் தொடங்கிய உலக வாணிகச் சரிவு பிரிட்டனின் பழைய கொள்கைக்கு முடிவு கட்டியது. 1932ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், பெரும்பாலான இறக்குமதிகளுக்கு நூற்றுக்குப் பத்து என்ற பொதுத் தீர்வை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு சூலை, ஆகஸ்டு திங்களில் கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவில் கூடிய பேரரசுப் பொருளாதார மாநாடு, பேரரசு நாடுகள் ஒன்றுக்கொன்று சலுகை அளிக்கும் ஒப்பந்தங்களைச் செய்து முடித்தது. பேரரசுச் சலுகை என்று வரலாற்றில் வழங்குவது இதுவே.

மலாயா பெற்றது என்ன?

ஒட்டாவா ஒப்பந்தங்களால் மலாயா பெற்ற பயன் எவ்வளவு? மலாயாவின் முதன்மையான ஏற்றுமதி ரப்பர். தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளரின் வாழ்வும் தாழ்வும் அந்த ரப்பரின் விலையோடு பிணைந்திருந்தன. ஆனால் பச்சை ரப்பருக்குப் பிரிட்டன் தீர்வை விதிக்கவே இல்லை. தன் ஆலைகளுக்கு வேண்டிய மூலப்பொருள் என்பதால், 1932ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது தீர்வையற்ற பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. இல்லாத தீர்வையைக் குறைப்பது எங்ஙனம்? டச்சு நாட்டினரின் சுமத்திரா ரப்பரும் தீர்வையின்றியே லண்டனில் இறங்கியது. மலாயா ரப்பரும் அவ்வாறே இறங்கியது. மேலும், ரப்பரை மிகுதியாக வாங்கிய நாடு பேரரசுக்கு வெளியே இருந்த அமெரிக்கா. ஆகவே மலாயாவின் தலையாய பண்டத்திற்கு அம்மாபெரும் சலுகைத் திட்டத்தால் கிடைத்தது ஏதுமில்லை.

ஆனால் அன்னாசியின் கதை வேறு. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் இருந்த ஆலைகள் அன்னாசியைத் தகரப் பெட்டிகளில் அடைத்து ஏற்றுமதி செய்தன. அதற்கு முதற் சந்தை பிரிட்டன். அயல்நாட்டுப் பழத்திற்குத் தீர்வை இருந்தது; மலாயாப் பழத்திற்கு இல்லை. அன்னாசி இம்மண்ணில் விளைந்தது என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. கணக்கு எழுதிக் காட்ட வேண்டிய தொல்லையும் மிகுதியாக இல்லை. எனவே சலுகை எளிதிற் பயன்பட்டது. அதேபோல, ஹாங்காங்கின் ரப்பர் காலணி ஆலைகள் பேரரசுச் சலுகையைப் பற்றிக்கொண்டு 1930களில் வளர்ந்தன. அவற்றின் வளர்ச்சி கண்டு பிரிட்டிஷ் ஆலை முதலாளிகள் முறையிட்டனர் என்பதும், உள்மதிப்பு விதி பின்னர்ச் சில சரக்குகளுக்கு ஐம்பது விழுக்காடாக உயர்த்தப்பட்டது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கவை. சலுகை நன்கு பயன்படத் தொடங்கியதும் விதி இறுகுவது பின்னரும் பலமுறை நிகழ்ந்தது.

சிங்கப்பூரின் நிலை இன்னும் நுட்பமானது. 1819இல் தீர்வையற்ற துறைமுகமாகத் தோன்றிய அவ்வூர், பல நாட்டுச் சரக்குகளைக் கலந்து, தரம் பிரித்து, பதப்படுத்தி அனுப்பியே வாழ்ந்தது. சயாமிலிருந்து வந்த ஈய மண் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உருக்கப்பட்டது. சுமத்திராவின் ரப்பர் சிங்கப்பூர் ஆலைகளில் கழுவி உருட்டப்பட்டது. இவ்வாறு வெளியேறும் சரக்கு எந்நாட்டுச் சரக்கு? பிறப்பிடம் கேளாமல் எல்லாரையும் வரவேற்பது தீர்வையற்ற துறைமுகத்தின் இயல்பு. பிறப்பிடத்தையே முதலிற் கேட்பது சலுகையின் இயல்பு. இவ்விரண்டும் ஒன்றோடொன்று எளிதில் இசைவன அல்ல.

சலுகைக்கு விலையும் உண்டு. 1934இல் ஜப்பானியத் துணிகளுக்கு அளவுக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் நீரிணைக் குடியேற்றங்களில் நிறைவேற்றப்பட்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு இடம் ஒதுக்கவே இக்கட்டுப்பாடு வந்தது. குறைந்த கூலி பெற்றுவந்த மக்கள் வாங்கிய மலிவான துணி அதனால் அருகியது. சலுகையின் பயன் ஓரிடத்திலும் அதன் சுமை வேறோரிடத்திலும் விழுவதை இங்குக் காண்கிறோம்.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947ஆம் ஆண்டு அக்டோபர் 30இல் ஜெனீவாவில் கையொப்பமான தீர்வை, வாணிகப் பொது உடன்பாடு, எல்லா நாட்டுச் சரக்கையும் ஒப்ப நடத்தல் வேண்டும் என்ற கொள்கையை முதல் விதியாக வைத்தது. ஆயினும் பழைய பேரரசுச் சலுகைகளை அது ஒழிக்கவில்லை. அவற்றின் அளவை மேலும் உயர்த்தலாகாது என்று மட்டும் கட்டுப்படுத்தியது. 1973ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததும், அச்சலுகைகள் படிப்படியாக மறைந்தன.

அதற்குள் மற்றொரு முறை தோன்றியிருந்தது. 1964இல் ஐக்கிய நாடுகளின் வாணிக வளர்ச்சி மாநாடு கூடியபோது, அதன் செயலாளராக விளங்கிய அர்சென்டீனாப் பொருளியலறிஞர் ரவுல் பிரெபிஷ், வளரும் நாடுகளின் செய்பொருளுக்குச் செல்வ நாடுகள் ஒருதலையாகவே சலுகை தருதல் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1968இல் புது டில்லியில் கூடிய இரண்டாம் மாநாடு இதனை ஏற்றது. 1971 சூலையில் ஐரோப்பியச் சந்தையும், ஆகஸ்டில் ஜப்பானும், 1976 சனவரியில் அமெரிக்காவும் தத்தம் திட்டங்களைத் தொடங்கின. பொதுச் சலுகை முறை என்பது இதன் பெயர். இதற்குரிய தோற்றச் சான்றிதழான ‘படிவம் ஏ’, பல்லாண்டுகள் மலேசிய, சிங்கப்பூர் ஏற்றுமதியாளர் மேசைகளில் பழகிய தாளாயிற்று.

இச்சலுகை நிலையானதன்று. ஒரு நாடு வளர்ந்துவிட்டது என்று கொடுப்பவர் கருதினால் அதை நீக்கிவிடலாம். சிங்கப்பூர், ஹாங்காங், தென் கொரியா, தைவான் ஆகியவை 1989 சனவரியில் அமெரிக்கத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. மலேசியா 2014 சனவரியில் ஐரோப்பியத் திட்டத்திலிருந்து நீங்கியது. கொடையாக வரும் சலுகை கொடுப்போர் விருப்பப்படி போய்விடும். உடன்பாட்டினால் வருவது அவ்வளவு எளிதிற் போகாது. நாடுகள் உடன்பாடுகளை நாடியதற்கு இஃது ஒரு காரணமாகும்.

மணிலாவில் எழுதிய பட்டியல்

ஆசியான் நாடுகள் ஐந்தும் 1977ஆம் ஆண்டு பிப்ரவரி 24இல் மணிலாவில் தம்முள் ஒரு சலுகை வாணிக உடன்பாட்டைச் செய்துகொண்டன. நோக்கம் உயர்ந்தது, செயலோ மெலிந்தது. தொடக்கத்தில் கொடுத்த சலுகை, இருந்த தீர்வையில் நூற்றுக்குப் பத்து மட்டுமே. அதாவது, முப்பது விழுக்காட்டுத் தீர்வை இருபத்தேழு ஆகும். பத்து விழுக்காட்டுத் தீர்வை ஒன்பது ஆகும். அந்த ஒரு விழுக்காட்டைப் பெறுவதற்கு, சரக்கின் மதிப்பில் பாதியாவது ஆசியான் நாடுகளுக்குள் உண்டானது என்று மெய்ப்பிக்க வேண்டும்.

பட்டியலிற் சேர்த்த சரக்குகளின் தன்மையும் கருதத்தக்கது. ஒவ்வொரு நாடும் தனக்கு வலிக்காத பொருள்களையே முன்வைத்தது. வெப்ப நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுத்த சலுகைப் பட்டியலில் பனி அகற்றும் பொறியும் அணு உலையும் இடம்பெற்றன என்பது பொருளியல் நூல்களில் இன்றளவும் திரும்பத் திரும்பக் கூறப்படும் செய்தி. ஒரே வகைப் பொருளைப் பல உட்பிரிவுகளாகப் பிரித்துக் கணக்கிட்டதால், பட்டியலின் நீளம் ஆண்டுதோறும் வளர்ந்து பல ஆயிரத்தை எட்டியது. ஆனால் ஆசியான் நாடுகளுக்கிடையே நடந்த வாணிகத்தில் மிகச் சிறிய பங்கே அச்சலுகையின்கீழ் நடைபெற்றது. 1987இல் மணிலாவில் கூடிய உச்சி மாநாடு சலுகையளவை உயர்த்தவும், ஐம்பது விழுக்காட்டு விதியைச் சிலவற்றிற்கு முப்பத்தைந்தாகத் தளர்த்தவும் இணங்கியது. நோய் எங்கே என்பதை அன்றே அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

படிவம் டி

1992ஆம் ஆண்டு சனவரி 28இல் சிங்கப்பூரில் கூடிய உச்சி மாநாடு, ஆசியான் தடையற்ற வாணிக வட்டாரத்தை அமைக்க முடிவு செய்தது. 1993 முதல் பதினைந்து ஆண்டுகளில் தீர்வைகளை ஐந்து விழுக்காட்டிற்குள் கொணர்வது திட்டம். அக்காலக் கெடு பின்னர் இருமுறை சுருக்கப்பட்டு, முதல் ஆறு உறுப்பு நாடுகளுக்கு 2002 என்றாயிற்று. மலேசியா தன் மோட்டார் வண்டித் தொழிலைக் காக்கும்பொருட்டு வண்டிகளுக்கு 2005 வரை தவணை பெற்றது. 2010 சனவரியில் அவ்வாறு நாடுகளும் ஏறத்தாழ எல்லாச் சரக்கிற்கும் தம்முள் தீர்வையை நீக்கிவிட்டன.

உள்மதிப்பு விதி இம்முறை நாற்பது விழுக்காடு. சான்றிதழின் பெயர் ‘படிவம் டி’. பனிப் பொறிகளின் காலம் போய், உண்மையான சரக்குகளுக்கு உண்மையான சலுகை வந்தது. எனினும், முதற் பத்தாண்டில் இப்படிவத்தைக் கொண்டு சென்ற சரக்கு வட்டார வாணிகத்தில் சிறு பங்கே. 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஆசிய வளர்ச்சி வங்கியைச் சார்ந்த ஆய்வாளர் ஜப்பான், சீனா, தென் கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பீன்சு ஆகிய ஆறு நாடுகளில் 841 நிறுவனங்களை வினவினர். ஏதேனும் ஒரு தடையற்ற வாணிக உடன்பாட்டின் சலுகையைப் பயன்படுத்துவதாக நூற்றுக்கு 28 நிறுவனங்களே கூறின. இனிப் பயன்படுத்த எண்ணியிருந்தோரையும் சேர்த்தால் 53 ஆகும்.

ஏன் பயன்படவில்லை?

இதற்குக் காரணம் ஒன்றன்று, பலவாகும். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, சலுகையே தேவையில்லாத நிலை. 1932இல் ரப்பருக்கு நேர்ந்தது 1997க்குப் பின் மின்னணுப் பொருள்களுக்கு நேர்ந்தது. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய உலக வாணிக நிறுவன அமைச்சர் மாநாட்டில் உருவான தகவல் தொழில்நுட்பப் பொருள் உடன்பாடு, கணினி, அதன் உறுப்புகள், நுண் சில்லுகள் ஆகியவற்றிற்கு எல்லா நாட்டினருக்கும் பொதுத் தீர்வையையே 2000ஆம் ஆண்டளவில் நீக்க வகை செய்தது. மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் ஏற்றுமதியில் இவை பெரும்பங்கு. பினாங்கிலிருந்து சில்லு அனுப்புபவர் எதற்காகப் படிவம் எழுத வேண்டும்? சிங்கப்பூரோ, மதுவகைகள் சில நீங்கலாக எதற்கும் சுங்க இறக்குமதித் தீர்வை விதிப்பதில்லை. அங்குச் சரக்கு அனுப்பும் மலேசிய வணிகருக்கும் படிவம் வேண்டுவதில்லை.

இரண்டாவது, சலுகையளவு சிறிது. தாளின் செலவு பெரிது. பொதுத் தீர்வை ஐந்து விழுக்காடாக இருந்து, சான்றிதழ் பெறுவதற்கு மூன்று விழுக்காடு செலவாகுமாயின், எஞ்சுவது இரண்டு. அதற்காக ஓர் எழுத்தரை அமர்த்த எந்தச் சிறு ஆலை முன்வரும்? இஃது ஏழை நாடுகளின் குறை மட்டும் அன்று. ஐரோப்பியச் சந்தைக்கும், அதன் அண்டை நாடுகளின் தடையற்ற வாணிகக் கழகத்திற்கும் இடையே 1970களில் தீர்வை நீங்கியது. ஆயினும், அக்கழக நாடுகளின் ஏற்றுமதியில் ஏறத்தாழக் காற்பங்கு சலுகையைக் கேளாமலே பொதுத் தீர்வை செலுத்திச் சென்றது என்று 1986இல் யான் ஹெரின் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். தோற்ற விதிகளை நிறைவேற்றும் செலவு சரக்கு மதிப்பில் மூன்று முதல் ஐந்து விழுக்காடு என்பது அவர் கண்ட முடிவு.

மூன்றாவது, விதியின் கடுமை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஓர் ஆலையில் செய்யும் மின்விசிறியின் விலை நூறு வெள்ளி என்க. அதன் மோட்டாரும் சில உறுப்புகளும் ஆசியானுக்கு வெளியிலிருந்து வருகின்றன. அவற்றின் விலை ஐம்பத்தைந்து வெள்ளி. உள்மதிப்பு நாற்பத்தைந்து, விசிறி தேறிவிடும். அடுத்த ஆண்டு அந்நிய நாணயத்தின் மதிப்பு ஏறி, அதே உறுப்புகளின் விலை அறுபத்தொரு வெள்ளி ஆகிறது. விசிறியின் விலையோ மாறவில்லை. உள்மதிப்பு முப்பத்தொன்பது, சலுகை போயிற்று. ஆலை மாறவில்லை, தொழிலாளர் மாறவில்லை, விசிறியும் மாறவில்லை. மாறியது நாணய மாற்று ஒன்றே. இத்தகைய நிலையற்ற சலுகையை நம்பி விலை பேச வணிகர் அஞ்சுவதில் வியப்பில்லை. மேலும், உள்மதிப்பைக் காட்ட வேண்டுமாயின் தம் அடக்கவிலைக் கணக்கை வெளியிட வேண்டும். அதனை மறைபொருளாகக் காக்கவே பலர் விரும்புவர்.

நான்காவது, வலியோருக்கும் எளியோருக்கும் உள்ள வேறுபாடு. சான்றிதழுக்கான அறிவும் ஆளும் கணக்குமுறையும் ஒருமுறை ஏற்படுத்திவிட்டால், பின்னர் ஆயிரம் பெட்டிக்கும் அதுவே போதும். பத்துப் பெட்டி அனுப்புபவருக்கும் அதே முதற்செலவு. ஆகவே பெரு நிறுவனங்கள் சலுகையை நன்கு பயன்படுத்துகின்றன; சிறு ஆலைகள் விட்டுவிடுகின்றன. மோட்டார் வண்டி உறுப்புகளைத் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்சு ஆகிய நாடுகளுக்கிடையே மாற்றிக்கொள்ளும் நிறுவனங்கள் படிவம் டியை மிகுதியாகப் பயன்படுத்தியதற்குக் காரணம் இரண்டு: அப்பொருள்களுக்குப் பொதுத் தீர்வை உயரம், நிறுவனங்களும் பெரியவை.

ஐந்தாவது காரணம் பலர் எண்ணிப் பாராதது. சான்றிதழ் வாங்கும் உழைப்பு ஏற்றுமதியாளருடையது. தீர்வை மிச்சமாவதோ இறக்குமதியாளருக்கு. பேரம் பேசும் வலிமை இல்லாத ஏற்றுமதியாளர், தாம் பட்ட பாட்டின் பயனை விலையில் திரும்பப் பெறுவதில்லை. அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க நாடுகளின் ஆடைக்குத் தீர்வை நீக்கியபோது, அப்பயனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஆப்பிரிக்க ஏற்றுமதியாளரைச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு காட்டிற்று. எஞ்சியது வாங்கியவர் கையில் நின்றது.

இரண்டு படிப்பினைகள்

தோற்ற விதியின் ஆற்றலை அறிய இரண்டு நிகழ்ச்சிகள் போதும். ஒன்று கம்போடியாவைப் பற்றியது. 2001 மார்ச்சு முதல், மிகவும் வறிய நாடுகளின் சரக்குகளுக்குப் படைக்கலம் நீங்கலாக எல்லாவற்றிற்கும் ஐரோப்பிய ஒன்றியம் தீர்வையை நீக்கியது. கம்போடியாவின் முதன்மை ஏற்றுமதி ஆடை. ஆனால் அவ்வாண்டில் அந்நாடு ஐரோப்பாவிற்கு அனுப்பியவற்றுள் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதியானவை மட்டுமே சலுகை பெற்றன. ஏன்? ஆடை தைத்தால் மட்டும் போதாது. துணியும் உள்நாட்டில் நெய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. கம்போடியத் தையல் ஆலைகளோ சீனம் முதலிய நாடுகளின் துணியையே நம்பியிருந்தன. கதவு திறந்திருந்தது, ஆனால் பெரும்பாலோர் நுழைய இயலாதவாறு குறுகியிருந்தது. 2011 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் தளர்த்தி, இறக்குமதித் துணியில் தைத்த ஆடைக்கும் சலுகை உண்டு என்றது. அதன்பின் கம்போடிய ஆடை ஏற்றுமதி விரைந்து வளர்ந்தது. தீர்வை முன்னும் சுழியம், பின்னும் சுழியம். மாறியது விதி ஒன்றே.

மற்றது இலங்கையைப் பற்றியது. 1998 டிசம்பரில் கையொப்பமாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கைத் தடையற்ற வாணிக உடன்பாட்டின்படி, முப்பத்தைந்து விழுக்காடு உள்மதிப்பு இருந்தால் இலங்கைச் சரக்கு இந்தியாவில் சலுகை பெறும். அக்காலத்தில் செம்பனை எண்ணெய்க்கு இந்தியா உயர்ந்த தீர்வை விதித்திருந்தது. எனவே, மலேசிய, இந்தோனேசியச் செம்பனை எண்ணெயை இலங்கைக்குக் கொணர்ந்து, அங்கே வனஸ்பதியாக மாற்றி, தீர்வையின்றி இந்தியாவிற்கு அனுப்பும் ஆலைகள் எழுந்தன. சலுகை முழுமையாகப் பயன்பட்டது. ஆனால் இந்திய ஆலைகள் முறையிட, 2006இல் இறக்குமதி அளவு கட்டுப்படுத்தப்பட்டது. தீர்வை வேறுபாட்டை மட்டுமே அடித்தளமாகக் கொண்ட தொழில் அவ்வேறுபாட்டோடு நிற்கும், அதனோடு வீழும். ஆகவே முழுப் பயன்பாடு என்பது மட்டுமே நன்மைக்கு அடையாளம் ஆகாது.

எவ்வாறு அளப்பது?

பயன்பாட்டு விகிதம் என்ற சொல்லைச் செய்திகளில் காணும்போது வாசகர்கள் ஒன்றைக் கேட்டல் வேண்டும்: எதனால் வகுத்தார்கள்? ஒரு நாட்டின் ஏற்றுமதி நூறு கோடி வெள்ளி என்க. அதில் அறுபது கோடிக்குப் பொதுத் தீர்வையே இல்லை. எஞ்சிய நாற்பது கோடியில் முப்பது கோடிச் சரக்கு சலுகையைப் பெற்றது. மொத்த ஏற்றுமதியால் வகுத்தால் விகிதம் முப்பது. உடன்பாடு தோற்றது என்று தோன்றும். சலுகைக்கு உரிய சரக்கால் மட்டும் வகுத்தால் எழுபத்தைந்து. உடன்பாடு நன்கு நடந்தது என்று தோன்றும். இரண்டும் உண்மையே. ஆனால் முதற்கணக்கைக் காட்டி உடன்பாட்டைப் பழிப்பதும், இரண்டாங் கணக்கை மட்டும் காட்டிப் புகழ்வதும் நேர்மையாகா. நிறுவனங்களை எண்ணினால் மூன்றாவது கணக்கு ஒன்று வரும். மதிப்பில் எழுபத்தைந்து விழுக்காட்டையும் பத்துப் பெரு நிறுவனங்களே பெற்றிருக்கலாம். ஆயிரம் சிறு ஆலைகள் வெறுங்கையோடு நின்றிருக்கலாம்.

அண்மைக் கால மாற்றங்கள்

அரசுகள் இக்குறைகளை அறியாமல் இல்லை. 2009இல் கையொப்பமாகி 2010 மே திங்களில் நடைமுறைக்கு வந்த ஆசியான் சரக்கு வாணிக உடன்பாடு, உள்மதிப்பு நாற்பது விழுக்காடு அல்லது மூலப்பொருளின் சுங்க வகைப்பாடு மாறியிருத்தல் ஆகிய இரண்டில் ஒன்றைக் காட்டினால் போதும் என்ற பொது விதியை வகுத்தது. வகைப்பாடு மாறியதைக் காட்ட அடக்கவிலைக் கணக்கு வேண்டியதில்லை. 2018 சனவரியில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகள் படிவம் டியை மின்னணு வழியிற் பரிமாறத் தொடங்கின. 2020 செப்டம்பர் முதல், ஒப்புதல் பெற்ற ஏற்றுமதியாளர் தம் சரக்கின் பிறப்பிடத்தைத் தாமே உறுதி கூறலாம் என்ற முறையும் ஆசியான் முழுமைக்கும் வந்தது.

எனினும் புதிய சிக்கலும் பிறந்திருக்கிறது. உடன்பாடுகள் பெருகிவிட்டன. ஜப்பானுக்கு அனுப்பும் மலேசிய ஏற்றுமதியாளர் முன் இரு நாட்டு உடன்பாடு, ஆசியான் ஜப்பான் உடன்பாடு, 2022இல் மலேசியாவில் நடைமுறைக்கு வந்த பதினைந்து நாடுகளின் வட்டாரப் பொருளாதார உடன்பாடு, அதே ஆண்டு நவம்பரில் வந்த பசிபிக் வட்டார உடன்பாடு என நான்கு வாயில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிற்கும் விதி வேறு, தாள் வேறு. மறுபுறம், வாங்கும் நாடுகளின் ஐயமும் வளர்ந்துள்ளது. சலுகை கோரும் இறக்குமதியாளர் சரக்கின் பிறப்பிடத்தைப் பற்றிய விவரங்களைத் தாமே வைத்திருத்தல் வேண்டும் என்று இந்தியா 2020 செப்டம்பரில் விதி செய்தது.

முடிவுரை

1897 முதல் இன்றுவரை உள்ள இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது இது. தீர்வை எவ்வளவு குறைந்தது என்பது உடன்பாட்டின் ஒரு பாதி. அதனைப் பெற எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது மறுபாதி. முதற்பாதியை அமைச்சர்கள் எழுதுகின்றனர். மறுபாதியைச் சுங்கச் சாவடியும், சான்றிதழ் வழங்கும் அலுவலகமும், ஆலையின் கணக்கறையும் எழுதுகின்றன. மறுபாதி சரியாக அமையாவிடில், சலுகை பெருநிறுவனங்களுக்கு உரிமையாகவும் சிறு வணிகருக்கு ஏட்டுச் சுரைக்காயாகவும் முடியும். அரசோ தான் இழந்த வருவாயைக் கணக்கிடும். அதற்கு ஈடான நன்மை எளியோரைச் சேர்ந்ததா என்று கணக்கிடாது.

ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் வாணிக வரலாற்றை நடத்தும்போது, உடன்பாட்டின் ஆண்டையும் கையொப்பமிட்டோர் பெயரையும் மட்டும் மாணவர் நெஞ்சிற் பதித்தால் போதாது. அதனைப் பயன்படுத்தியோர் யார், இயலாதோர் யார், ஏன் இயலவில்லை என்னும் மூன்று வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். ரப்பருக்குக் கிடைக்காததும் அன்னாசிக்குக் கிடைத்ததும் ஏன் என்று கேட்கப் பழகிய மாணவர், நாளை ஒரு சிறு தொழிலை நடத்தும்போது தமக்கு உரிய சலுகையைக் கேட்டுப் பெறவும் அறிந்திருப்பர்.